மருத்துவர் பதில்கள்: அறிகுறி இல்லையென்றால் நோயும் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 21. பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன், மது அருந்திய ஒரு விருந்துக்குப் பிறகு, என் நண்பருடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். உடலில் எந்த மாற்றமும் இல்லாததால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள் தோழிகள். மருத்துவரிடம் போனால் பெற்றோருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறேன். என்ன செய்வது?
- விடுதி மாணவி

பதில்: தோழிகள் உங்கள்மீதுள்ள அக்கறையால் சொன்னாலும், அவர்கள் சொல்வது தவறு. உடலுறவால் தொற்றும் கிளமிடியா என்ற கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு வலியோ வெள்ளைப்படுதலோ தெரிவதில்லை; ஆயினும் கவனிக்காமல் விட்டால் அக்கிருமி கருக்குழாய்வரை பரவித் தழும்பை உண்டாக்கி, பிற்காலத்தில் கருத்தரிப்பதற்கே தடையாகக்கூடும். இத்தனைக்கும் அதைக் கண்டறிய எளிய பரிசோதனை போதும். பெரும்பாலும் ஏழு நாள் மாத்திரையில் குணமாகிவிடும். நண்பரும் சிகிச்சை பெறாவிட்டால் அவரிடமிருந்து அது மறுபடியும் தொற்றும்.

மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி, மேகநோய் (சிஃபிலிஸ்) இரண்டுக்கும் இப்போதே இரத்தப் பரிசோதனை செய்து, மூன்று மாதம் நிறைந்ததும் மீண்டும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

நீங்கள் வயதுவந்தவர் என்பதால் உங்கள் சம்மதமின்றி மருத்துவர் பெற்றோரிடம் எதுவும் சொல்லமாட்டார். சிங்கப்பூரின் தேசிய தோல் நிலையத்தைச் சேர்ந்த, பாலியல் தொற்றுகளுக்கான டிஎஸ்சி மருந்தகம் கெலந்தான் லேனில், தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது. பெயரையோ அடையாள அட்டை எண்ணையோ தராமல் அங்கே எச்.ஐ.வி பரிசோதனை செய்துகொள்ளலாம்.

விடுதியில் எல்லாரும் இப்படித்தான் என்ற பேச்சும், ஆணுறையைக் காட்டாத கைப்பேசிக் காணொளிகளும், மதுவும் சேர்ந்து, வேண்டாம் என்று சொல்லவும் ஆணுறை எங்கே என்று கேட்கவும் இளையர்களைக் கூச வைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அன்று நடந்தது உங்கள் முழுச் சம்மதமின்றி நடந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பழி உங்களுடையதன்று.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசியைப் பள்ளியில் போட்டுக்கொள்ளவில்லையென்றால், அதைப் பற்றியும் அன்றே கேளுங்கள். 26 வயதுவரையிலான பெண்களுக்கு இங்கே அது பரிந்துரைக்கப்படுகிறது. இந்த வாரமே போய்வாருங்கள். நண்பரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.