வால் இல்லாத ட்ரோன் விமானம் எப்படித் திரும்புகிறது?

திருகோணமலை டச்சுக் குடாவில் ஃபார்முலா 1 பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ட்ரோன் பேச்சு வந்ததாம். அமெரிக்கக் கடற்படையின் சோதனை விமானம் எக்ஸ்-47பிக்கு வாலே இல்லையே, சுக்கான் இல்லாமல் எப்படித் திரும்பும் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

நம் கடலிலேயே விடை இருக்கிறது. ஓடும் வள்ளத்தில் இடப்பக்கத் துடுப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால், வள்ளம் இடப்பக்கம்தானே திரும்பும்? எக்ஸ்-47பியும் அப்படித்தான். ஒரு பக்க இறக்கையின் மடல்களை (அசையும் தகடுகளை) மட்டும் நிமிர்த்தினால் அந்தப் பக்கம் காற்றின் இழுவை கூடும், மூக்கு அங்கே திரும்பும்.

ரேஸ் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. 1997இல் மக்லாரன் காரில் கூடுதலாக ஒரு பிரேக் மிதி இருந்தது, ஒரு பின்சக்கரத்தை மட்டும் பிடிக்க. வளைவில் கார் அழகாகத் திரும்பியது. மற்ற அணிகள் எதிர்க்க, 1998 தொடக்கத்தில் தடை வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனை அது.

சரி, வித்தியாசம் எங்கே? காரைத் தரை தாங்குகிறது, வேகத்தில் அதன் இறக்கைகளும் கீழே அழுத்துகின்றன. வால் இல்லாத விமானத்துக்குத் தானாக நேரே நிற்கும் குணம் குறைவு. அதனால் கணினி விடாமல் மடல்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அப்படித்தான் 2013 ஜூலையில், ஓடும் கப்பலின் தளத்தில் எக்ஸ்-47பி தானாகவே இறங்கியது.