அடுத்து என்ன என்று தெரியவில்லை, சார்: வாத்தியாரிடம் கேள்வி பதில்

போடிநாயக்கனூரில் முப்பது வருஷம் வணிகவியல் நடத்தியவன். கம்பம்மெட்டுக்கு மேலே ரெண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. ஜோசியம் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (கூடலூர், 25 வயது): பி.காம் முடித்து மூன்று வருஷம் ஆகிறது சார். குரூப் 4 ரெண்டு தடவை எழுதியும் கிடைக்கவில்லை. குமுளியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள். போனால் படிப்பு விட்டுப்போகுமோ?

பதில்: போங்கள் தம்பி. பிடிக்காவிட்டால் நின்றுகொள்ளலாம், கையில் விலங்கா மாட்டப்போகிறார்கள்? ஸ்டோரில் ஆடியிலிருந்து தை வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அதற்கப்புறம் காய்வரத்து குறையும். அந்த மாதங்களைப் படிப்புக்கு ஒதுக்குங்கள். முதலில் பழைய தேர்வில் மார்க் எங்கே போனது என்று பாருங்கள். குரூப் 4-ல் 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று விட்டவர்கள் நிறையப் பேர். டிகிரி இருப்பதால் குரூப் 2-ம் எழுதலாம்.

கேள்வி (வண்டன்மேடு): போன வருஷம் ஒரு ஏக்கர் ஏலக்காய் நட்டேன் அண்ணே. காய்க்கிறபோது என்ன விலை இருக்குமோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. பேசாமல் விட்டுவிடலாமா?

பதில்: இதில் நான் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் போயின. அடுத்த வருஷம் மழையும் தள்ளிப்போனது. காய் இல்லாததால்தான் 2019 ஆகஸ்டில் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலவிற்பனையில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. நான் அதை விலை என்று நினைத்துவிட்டேன். வணிகவியல் வாத்தியார்! கடன் வாங்கி ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நட்டேன். என்னைப் போலவே ஊரே நட்டது. செடி நன்றாகக் காய்க்க மூன்று வருஷம் ஆகும். 2022-ல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது.

ஆனால் விலையில் போனது பாதிதான். மனசு விட்டுப்போய் எட்டு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேனே, அதில் போனது மீதி. கவாத்து இல்லை, உரம் இல்லை, மழையில் அழுகல் விழுந்தது. பிறகு நல்ல செடி நின்ற அரை ஏக்கரை மட்டும் கவனித்தேன், நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றினேன். கடன் அடைய நாளானது, அடைந்தது.

நீங்கள் முதல் காய் எடுப்பு வரைக்கும் பாருங்கள் தம்பி. மிளகை இந்த மழையிலேயே ஏற்றிவிடுங்கள். புதிதாகக் கடன் மட்டும் வேண்டாம்.

கேள்வி (மூணாறு, பிளஸ் டூ மாணவி): எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். தமிழ் மீடியம், மலையாளம் பேச வரும், எழுத வராது. தேனிக் கல்லூரியில் சேரவா, கேரளாவிலேயே இருக்கவா?

பதில்: தாயி, இதில் ஒரு விஷயம் அவசரம். சாதிச் சான்று, இடஒதுக்கீடு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே கிடைக்கிற சலுகை இங்கே செல்லாமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் தேவிகுளம் தாலுகா ஆபீசிலும், சேரப்போகிற கல்லூரியிலும் கேட்டுவிடுங்கள். பின்னால் கேரள அரசு வேலைக்குப் போவதென்றாலும், அதற்கான பி.எஸ்.சி. தேர்வில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் வினாத்தாள் உண்டு, அதனால் மலையாள எழுத்துக்குப் பயந்து மலை இறங்க வேண்டாம். எழுத்து மூன்று மாதத்தில் வந்துவிடும். பிடித்த பாடம் தேனியில்தான் இருக்கிறது என்றால் தாராளமாக வாருங்கள்.

கேள்வி (போடி, 52 வயது): வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம். தையல் கடை போடலாம் என்று ஆசை. எப்போது தொடங்கினால் நல்லது?

பதில்: மெஷின் வீட்டில் இருக்கிறதல்லவா அம்மா? கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, கூலியைக் கேட்டு வாங்குங்கள். பழகினவர்கள் என்று சும்மா கொடுத்துவிடாதீர்கள்.