வாசனை போனால் சளிதான் காரணமா? காது மூக்கு தொண்டை மருத்துவர் பதில்கள்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. ஆஸ்துமா உண்டு. இந்த வருஷம் காபி பூத்தும் வாசனையே தெரியவில்லை. தலைவலி மாத்திரை போட்டால் இழுப்பு வருகிறது. மலைப் பனியாலா?

பனிமேல் பழி போடாதீர்கள். ஆஸ்துமா, வாசனை இழப்பு, மாத்திரைக்கு இழுப்பு மூன்றும் சேர்ந்தால், மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்த்தே ஆகவேண்டும். வாசனை நரம்புகள் மூக்கின் உச்சியில், குறுகிய இடுக்கில் இருக்கின்றன. எதிர்ப்பு அணுக்களில் ஒருவகையான ஈசினோஃபில்கள் அங்கே குவிந்து வீங்கினால், மூச்சு தாராளமாகப் போனாலும் வாசனை மேலே எட்டாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள், மருந்துக்கடையிலும் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்தால் வலது மூக்குக்கு இடது கையால், நடுச்சுவரில் படாமல் அடியுங்கள். சதையை எடுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயை விடக்கூடாது, சதை திரும்ப வளரும். கால் மரத்தாலோ பாதம் தொங்கினாலோ ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், அன்றே வாருங்கள்.

அம்மாவுக்கு மாசக்கணக்கில் மூக்கில் பொருக்கு, ரத்தம், மூட்டுவலி. இப்போது மூக்குத்தண்டு அமுங்கிய மாதிரி இருக்கிறது. சைனஸ் மாத்திரை கேட்கவில்லை. (அம்மாபேட்டை வாசகி)

தயவுசெய்து இந்த வாரமே காட்டுங்கள். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பின் சிறு ரத்தக்குழாய்களையே தாக்கும் ஜி.பி.ஏ. என்ற நோய் இப்படித்தான் மூக்கில் தொடங்கும். நம் ஊரில் காசநோயையும் தொழுநோயையும் கூடவே விலக்கிப் பார்க்கவேண்டும். எனக்கு மூக்கைவிடச் சிறுநீரகம்தான் கவலை. வலியே காட்டாமல் கெட்டுவிடும். சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், இந்த நோயில் தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஆன்கா ஆகிய ரத்தப் பரிசோதனைகள், நெஞ்சு ஸ்கேன், திசுப் பரிசோதனை தேவை. ஆன்கா நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். மூக்கை நிமிர்த்துவது நோய் அடங்கிய பிறகு.

மகனுக்கு அடிக்கடி சைனஸ், இரண்டு தடவை நிமோனியா.

இம்யூனோகுளோபுலின் அளவு பாருங்கள். எதிர்ப்புப் புரதம் குறைவாகவே சுரக்கும் பிள்ளைகள் உண்டு. ஆன்டிபயாடிக் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நுரையீரல் பழுதாகும்.

வாசனைப் பயிற்சி பலன் தருமா?

வைரஸ் சளிக்குப் பிறகு போன வாசனைக்கு நன்றாகவே உதவும். ஜெர்மனியில் 2009-இல் வெளியான ஆய்வின் முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் வாசனைகளைக் காலை மாலை மோந்து பார்ப்பது, 12 வாரம். அழற்சியால் போனதென்றால் முதலில் அழற்சியை அடக்கவேண்டும். அதுவரை ராத்திரி சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், நேற்றுக் குழம்பை வீட்டில் வேறொருவரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.