கிரியேட்டின் கரையவில்லை, கிரியேட்டினின் ஏறிவிட்டது: கொடைக்கானலிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வயது 25, எடை 62 கிலோ. கொடைக்கானலில் காய்கறி மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. வாரத்தில் நாலு நாள் ஜிம். இரண்டு மாதமாகத் தசை வலுவுக்கான கிரியேட்டின் பொடி எடுக்கிறேன். காலையில் ஷேக்கரில் கலக்கினால் மணல் மாதிரி அடியில் தங்குகிறது. டூப்ளிகேட் சரக்கா? போன வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 வந்தது. கிட்னி போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உடம்பு ஏற, பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி வாங்கலாமா, மாஸ் கெய்னர் வாங்கலாமா? ஜிம்மில் ஒருவர் பசி எடுப்பதற்கு என்று பொட்டலத்தில் மாத்திரை தருகிறார். அதைச் சாப்பிடலாமா?

பதில்: வீட்டில் பயந்துபோயிருப்பதால் ரத்தப் பரிசோதனையை முதலில் பார்த்துவிடலாம். தசையில் இருக்கும் கிரியேட்டினில் ஒரு சிறு பங்கு தினமும் தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறி, சிறுநீரில் வெளியேறுகிறது. ரத்தத்தில் அது எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்துத்தான் சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று கணிக்கிறார்கள். பொடி எடுப்பவருக்குத் தசையில் இருப்பு கூடுவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் கொஞ்சம் ஏறலாம். முந்தின இரவு கறி சாப்பிட்டிருந்தாலும், முந்தின நாள் உடம்பு வலிக்க எடை தூக்கியிருந்தாலும் ஏறும். ஆண்களுக்குப் பெரும்பாலான லேப்களில் 1.3 வரை சரி என்று போடுவார்கள். உங்களுடையது அதைத் தொட்டுத் தாண்டிய எண். அதற்காகப் பொடியால்தான் ஏறியது என்று நீங்களே முடிவுகட்டி அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது.

கிரியேட்டினை இன்றே நிறுத்துங்கள். தசையில் சேர்ந்த இருப்பு வடிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு மறுபரிசோதனை செய்யுங்கள். அதற்கு முந்தின மூன்று நாள் ஜிம் வேண்டாம், முடிந்தால் மூட்டை வேலைக்கும் லீவு போடுங்கள். முந்தின நாள் கறி, மீன் வேண்டாம். கிரியேட்டினினோடு, சிறுநீரகம் வடிகட்டுவதை வேறு வழியில் கணிக்கும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். தசையின் அளவோ கிரியேட்டின் பொடியோ அந்த எண்ணை அவ்வளவாக அசைக்காது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதையும், ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். டாக்டரிடம் என்ன பொடி, எத்தனை கிராம், எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவர் அந்த ஒரு எண்ணை வைத்தே மருந்து எழுத நேரிடும். முகம், கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நுரைத்துப் போனாலோ இந்த நாலு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூட்டை தூக்குபவர்கள் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது பாதிப்பு இன்னும் அதிகம். மலைக் குளிரில் தாகம் சரியாகத் தெரியாது, வேர்வையும் கண்ணில் படாது. ஆனால் மூட்டை தூக்கும் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆரோக்கியமானவர் சரியான அளவில் எடுக்கும் கிரியேட்டினைவிட, வாரக்கணக்கில் போடும் வலி மாத்திரைதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. அந்தப் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

இனி அந்த மணல். அடியில் தங்குவதை மட்டும் வைத்துச் சரக்கு போலி என்று சொல்ல முடியாது. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது. 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 14 கிராம் கரையும், 4 டிகிரியில் 6 கிராம்தான். மார்கழிக் காலையில் உங்கள் குழாய்த் தண்ணீரில் கால் லிட்டர் பிடித்து 5 கிராம் போட்டால், பாதிக்கு மேல் கரையாமல் அடியில் உட்காரும். மேலே இருப்பதைக் குடித்துவிட்டு ஷேக்கரைக் கழுவினால் காசு சிங்க்கில் போகிறது. டாக்டர் சரி என்று சொல்லி மறுபடி தொடங்கினால், கை பொறுக்கும் சூட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் எடுங்கள். உங்கள் எடைக்கு 3 கிராம் போதும். ஒரு நிமிடம் கலக்கினால் கரைந்துவிடும். கலக்கிய உடனே குடித்துவிடுங்கள். கரைசலாக நாள்கணக்கில் வைத்தால் பாட்டிலிலேயே கிரியேட்டினினாக மாறத் தொடங்கும், எலுமிச்சை பிழிந்தால் இன்னும் சீக்கிரம். முதல் வாரம் தினம் 20 கிராம் என்ற லோடிங் தேவையில்லை. 3 கிராமிலேயே நாலு வாரத்தில் தசை நிரம்பிவிடும். லோடிங் செய்தால் பலருக்கு வயிறு கலக்கும்.

அடுத்து புரோட்டீன். தசை வளர எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்கிட்டால் உங்களுக்கு நாளைக்கு 100 கிராம். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, மூன்று வேளைச் சோற்றில் 20, சாம்பாருக்குப் போடும் 50 கிராம் பருப்பில் 11. ஆக, வழக்கமான சாப்பாட்டிலேயே 60 கிராம் பக்கம் வந்துவிடும். பாக்கி 40. இன்னும் இரண்டு முட்டை (12), 30 கிராம் சோயா உருண்டை (15), காய்ந்த பட்டர் பீன்ஸ் 60 கிராம் (12) சேர்த்தால் டப்பா வாங்காமலே சரியாகிவிடும். பீன்ஸை இரவே ஊற வைத்துக் குக்கரில்தான் வேக வைக்க வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பயறு லேசில் வேகாது. அரைவேக்காட்டில் சாப்பிட்டுவிட்டு வயிறு உப்புசம் என்று பீன்ஸையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

சமைக்க நேரமில்லாத நாளுக்கு மட்டும் வே புரோட்டீன் வைத்துக்கொள்ளலாம். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரோட்டீன் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைந்த ஐசோலேட் வகை வாங்கலாம். கொதிக்கும் நீரில் கொட்டினால் திரிந்து கட்டிகட்டியாகும். முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு பொடி. வாங்கும்போது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா, அமினோ ஆசிட் பட்டியலில் 24 கிராம் புரோட்டீனுக்கு லியூசின் 2.4 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். புரோட்டீனை நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடுவதால், நைட்ரஜன் உள்ள மலிவான கிளைசின், டாரின் கலந்து எண்ணை ஏற்றிக் காட்ட முடியும். அதனால் சேர்மானப் பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் வாங்காதீர்கள். டப்பாவுக்குள் இருக்கும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடக் கூடாது, ஈர ஸ்பூனை உள்ளே விடக் கூடாது. மூடுபனி மாதங்களில் பூஞ்சை வாடை வந்தால் அந்த டப்பாவையே கொட்டிவிடுங்கள்.

மாஸ் கெய்னர் வேண்டாம். பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துதான் அதில் இருக்கும். இரண்டு மலை வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை சாப்பிட்டால் அந்த வேலை நடந்துவிடும்.

பொட்டலத்தில் வரும் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். பெயரில்லாமல் விற்கும் இத்தகைய பசி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், பசியைத் தூண்டும் சிப்ரோஹெப்டடினும் இருப்பது பலமுறை தெரியவந்த விஷயம். முகம் உப்பி எடை கூடும். அது நீரும் கொழுப்பும், தசை இல்லை. உள்ளே தசை கரையும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும், திடீரென்று மருந்து நின்றால் மயங்கி விழும் அளவுக்கு ரத்த அழுத்தம் இறங்கலாம். மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்வார்.