மகளின் தன்னார்வப் பயணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்று வருகிறேன். பட்டப்படிப்பை முடித்த என் 22 வயது மகள், கென்யாவில் 12 வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தன்னார்வத் திட்டத்தில் சேர விரும்புகிறாள். ஏற்பாடு செய்யும் நிறுவனம் 1,90,000 ரூபாய் கேட்கிறது. விமானக் கட்டணம் தனி. எட்டு சவரன் நகையை அடகு வைப்பதா, வங்கியில் உள்ள 3 லட்ச ரூபாய் வைப்புத்தொகையை முறிப்பதா?

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். கடனை எங்கே வாங்குவது என்பதற்கு முன்னால், இந்தப் பணத்தை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம். உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து, நகரத்தார் வட்டிக்கடைகளில் வேலை பழகும் பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய பிள்ளைகளுக்குக்கூடச் சாப்பாடும் சம்பளமும் முதலாளிதான் கொடுத்தார். உழைக்கப் போகிறவரே பணம் கட்ட வேண்டும் என்றால், அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் பயண அனுபவம். அதை மகளின் எதிர்காலத்துக்கான முதலீடாகக் கணக்கில் எழுத வேண்டாம்.

பணம் கட்டாமல் போகும் வழிகளும் உண்டு. 1970இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயது வரையிலான இளைஞர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. தேர்வானவர்களுக்கு மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுத் தொகையும் காப்பீடும் கிடைக்கும். ஜெர்மனி அரசு 2008இல் தொடங்கிய ‘வெல்ட்வெர்ட்ஸ்’ திட்டம் முதலில் அந்நாட்டு இளைஞர்களை மட்டுமே வளரும் நாடுகளுக்கு அனுப்பியது. 2013 முதல் வளரும் நாட்டு இளைஞர்களும் அங்கே போய்ச் சேவை செய்கிறார்கள். தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவுப் பணம் ஆகியவை திட்டத்திலேயே அடங்கும். இரண்டிலும் போட்டி கடுமை, காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் விண்ணப்பித்துப் பார்க்க நகை எதுவும் பெட்டியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை.

அப்படியும் கென்யாதான் என்று மகள் உறுதியாக இருந்தால், 1,90,000 ரூபாயில் அந்தப் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும், எந்த வகை அனுமதியில் அழைத்துச் செல்கிறார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா அனுமதியில் கூட்டிப்போய்ப் பள்ளியில் வேலை செய்யவைத்தால் குடியேற்றச் சட்டச் சிக்கலில் மாட்டுவது உங்கள் மகள்தான், நிறுவனம் அல்ல. வாய்வார்த்தையாக மட்டும் பதில் சொல்பவர்களிடம் முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.

நகையைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,600 ரூபாயை ஒட்டி வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். தீபாவளிக்கு வரும் பலகார ஆர்டர் எல்லா மாதமும் வராது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வைப்புத்தொகையையும் முறிக்காமல் அதன் பேரிலேயே கடன் வாங்கலாம். வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரைதான் கூடுதலாக இருக்கும். தொகை ஒரு லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை மகள் ஓராண்டு வேலை பார்த்துச் சேர்க்கட்டும், 23 வயதிலும் கென்யா அங்கேயேதான் இருக்கும். கல்விக் கடனுக்கான வரிச்சலுகை இதற்குப் பொருந்தாது.

நிறுவனம் இதைச் சுற்றுலாத் தொகுப்பாக விற்றால், விற்பவரே கட்டணத்தோடு சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரி முதல் ரூபாயிலிருந்தே வசூலிக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் யாருடைய பான் எண்ணில் வசூலானதோ அவர்தான் கேட்க முடியும். ஆகவே பணம் கட்டும்போதே கணக்கு தாக்கல் செய்யப்போகிறவரின் பான் எண்ணைக் கொடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே நிறுத்தி, ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.