எட்டுச் சேலைகளின் கணக்கு

மதிப்புக்குரிய ஐயா,

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் 80,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே, இரவிலும் வார இறுதியிலும் பருத்திச் சேலைகளில் கையால் ஓவியம் தீட்டி விற்கிறேன். ஒரு சேலைக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் பிடிக்கும். துணிக்கு 5,000, சாயத்துக்கு 700, பொதியிடலுக்கும் கூரியருக்கும் 400 ரூபாய் செலவாகிறது. 9,500 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். ஒன்றும் தேங்குவதில்லை. வேலையை விட்டு இதையே முழுநேரமாகச் செய்ய எண்ணி, வங்கியில் ஐந்து இலட்சம் ரூபாய் கடன் கேட்டேன். மூன்று ஆண்டுக்கான வியாபாரத் திட்டம் கேட்கிறார்கள். அடுத்த மாதம் என்ன வரைவேன் என்றே தெரியாத நான் அதை எப்படி எழுதுவது? கலைவேலைக்கு இதெல்லாம் பொருந்துமா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

பொருந்தும். ஆனால் வங்கிப் படிவம் தொடங்கும் இடத்தில் நீங்கள் தொடங்கக் கூடாது. அந்தப் படிவம் முதலில் எவ்வளவு விற்பீர்கள் என்று கேட்கும். அது கடைக்காரருக்கான கேள்வி. வாங்க வருவோர் கூடினால் கடைக்காரர் புறக்கோட்டைக்குப் போய் இன்னும் நூறு சேலை வாங்கி வரலாம். உங்களால் முடியாது. ஆகவே உங்கள் திட்டம் மாதத்தில் எத்தனை மணி நேரம் தூரிகை பிடிக்க முடியும் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாதத்துக்கு 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். அதில் துணி வாங்கப் போவது, படம் எடுப்பது, "கடைசி விலை என்ன?" என்று கேட்கும் வாட்சப் செய்திகளுக்குப் பதில் சொல்வது, பொதி கட்டுவது ஆகியவற்றுக்கு 80 மணி நேரத்தை ஒதுக்குங்கள். இது கூடுதலாகத் தோன்றினால் இரண்டு வாரம் கொப்பியில் குறித்துப் பாருங்கள். மிஞ்சும் 120 மணி நேரத்தில் எட்டுச் சேலைகள் முடியும். இன்றைய விலையில் ஒரு சேலைக்கு மிஞ்சுவது 3,400 ரூபாய். எட்டுக்கும் சேர்த்து 27,200 ரூபாய். முழுநேரமாகச் செய்தும் இவ்வளவுதான். எல்லாச் சேலைகளும் உடனே விற்றுத் தீர்வதை வெற்றியின் அடையாளமாகக் கொண்டிருக்கிறீர்கள்; எனக்கு அது விலை மிகக் குறைவு என்பதன் அடையாளமாகவே படுகிறது.

இனி, எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். நீங்கள் விடப்போவது 80,000 ரூபாய் மட்டுமல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் செலுத்துகிறது. அதாவது மாதம் 12,000 ரூபாய். சுயதொழிலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். அது மறதி என்பது அறுபது வயதை நெருங்கும்போதுதான் தெரியவரும். மின்சாரம், தொலைபேசி, தூரிகைத் தேய்மானம், சந்தையில் இடவாடகை என்று இன்னொரு 12,000 ரூபாயைச் சேர்த்தால், மாதம் 1,04,000 ரூபாய் வர வேண்டும். 120 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 867 ரூபாய். ஒரு சேலையின் உழைப்பு 13,000 ரூபாய்; பொருட்செலவு 6,100 ரூபாயையும் சேர்த்தால் விலை 19,100 ரூபாய்.

இந்தத் தொகையைக் கண்டு கலங்க வேண்டாம். கைவேலைக்கு விலை கொடுப்பவர்கள் கொழும்பில் இல்லாமல் இல்லை. 1964 இல் பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபுட் நிறுவனம் கைத்தறித் துணியை நம்பியே இன்றுவரை நடக்கிறது. ஆனால் இப்போது உங்களிடம் வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த விலைக்கு வரமாட்டார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்காக முந்தானையில் மட்டும் தீட்டிய சேலையைச் செய்யுங்கள். ஆறு மணி நேரம் போதுமென்றால் உழைப்பு 5,200, பொருட்செலவு சாயம் குறைவதால் 5,800, விலை 11,000 ரூபாய். உங்கள் இன்றைய விலையைப் பாருங்கள்: முழுச் சேலையை வரைந்து, முந்தானைக்கான காசைக்கூட வாங்காமல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாதத்தில் நான்கு முழுச் சேலைகளும் பத்து முந்தானைச் சேலைகளும் என்றால் அதே 120 மணி நேரம், அதே 1,04,000 ரூபாய்.

கடைகளுக்கு விற்பனைத் தரகில் கொடுப்பதானால் கவனம் வேண்டும். கடை 35 வீதம் எடுத்தால், உங்கள் கைக்கு 19,100 ரூபாய் வர அங்கே 29,400 ரூபாய் எழுத வேண்டும். அதே சேலையை நீங்கள் வீட்டிலிருந்து 19,100 ரூபாய்க்கு விற்பது தெரிந்தால் கடைக்காரர் முகம் திரும்பும். ரேஸ்கோர்ஸில் சனிக்கிழமைகளில் கூடும் குட் மார்க்கெட் போன்ற இடங்களில் நேரே விற்பது முதலாண்டில் உசிதம். சொல்லி வைத்துச் செய்விப்பவர்களிடம், உறவினராயினும், துணி வாங்கும் காசையாவது முற்பணமாக வாங்குங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பழைய விலையில் ஓடர் எடுத்துவிட்டு இறக்குமதித் துணிக்குப் புதிய விலை கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடனை நான் விரும்பவில்லை. ஐந்து இலட்சத்தை 15 வீத வட்டியில் மூன்று ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை 17,300 ரூபாயைத் தாண்டும். மாதம் 20 மணி நேரம் வங்கிக்காகத் தூரிகை பிடிக்க வேண்டும். ஆடி மாதத்தில் விற்பனை படுத்தாலும் தவணை படுக்காது. உங்களுக்கு முன்கூட்டித் தேவைப்படுவது ஒரு மாதத்துக்கான 14 சேலைத் துணி, அதாவது 70,000 ரூபாயும், மூன்று மாத வீட்டுச் செலவும்தான். விலையை இன்றே உயர்த்தி, வேலையில் இருந்துகொண்டே அதைச் சேர்க்கலாம். வெளிநாட்டிலிருந்து நம்மவர்கள் வந்திறங்கும் ஆகஸ்டையும் டிசம்பரையும் அதற்குப் பயன்படுத்துங்கள்.

பதிவு விடயம் பெரிதல்ல. சொந்தப் பெயரல்லாத வியாபாரப் பெயர் வைப்பதானால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டாண்டிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி நிவாரணம் இருப்பதால், மேலே சொன்ன வருமானத்துக்கு வரி வராது. கணக்கை மட்டும் முதல் நாளிலிருந்து எழுதி வையுங்கள்.

கடன் எடுக்காவிட்டாலும் படிவத்தை நிரப்புங்கள். முதலாண்டை மாதம் மாதமாக எழுதி, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் சேலைகளின் எண்ணிக்கையை அப்படியே விட்டு விலையை மட்டும் உயர்த்திக் காட்டுங்கள். எண்ணிக்கை ஏன் வளரவில்லை என்று உத்தியோகத்தர் கேட்டால், இரண்டு கைதான் இருக்கிறது என்று சொல்லலாம். கரை நிரப்ப ஒரு பிள்ளையை உதவிக்கு வைக்கச் சொன்னால், அவளுடைய சம்பளத்தோடு அந்த 12 வீதத்தையும் 3 வீதத்தையும் நீங்கள் கட்டுவதாக எழுதி, அதற்குப் பிறகும் சேலை 19,100 ரூபாய்க்குள் நிற்கிறதா என்று கூட்டிப் பாருங்கள்.