பாலைவனத்துக்கு மகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: ஜூலை விடுமுறையில் என் பத்து வயது மகளோடு, நாங்கள் இரண்டு பேர் மட்டும், கலஹாரிக்குப் போக நினைக்கிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் பக்கி வண்டி இருக்கிறது. போட்ஸ்வானா பக்கம் வேலியே இல்லாத பொலென்ட்ஸ்வாவில் கூடாரம் போட ஆசை. அவள் அம்மா பயப்படுகிறார். போகலாமா?
– ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: போங்கள். ஆனால் பொலென்ட்ஸ்வா இந்தத் தடவை வேண்டாம். ஒற்றை வண்டியில் ஆழ்மணல் பக்கம் எந்தத் தடவையும் வேண்டாம்.

அம்மாவின் பயம் நியாயமானது. 2000-இல் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா இரண்டு நாட்டுப் பூங்காக்களும் சேர்ந்துதான் கலஹாரியின் இந்தக் கலகாடி பூங்கா ஆனது, நடுவில் எல்லையாக இருப்பது வறண்டு கிடக்கும் நோசப் ஆற்றுப் படுகைதான், வேலி கிடையாது, சிங்கம் இஷ்டப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். பத்து வயதுப் பிள்ளைக்கு நடுராத்திரியில் ஒன்றுக்கு வரும். வேலியில்லாத இடத்தில் அப்போது கூடாரத்தை விட்டு இறங்கவே கூடாது, மூடியுள்ள வாளி ஒன்று உள்ளேயே இருக்க வேண்டும். இதையெல்லாம் அவள் பழகிக்கொள்ள முதலில் வேலி போட்ட முகாம் ஒன்று தேவை.

அதற்கு நோசப் முகாம் சரி. பூங்காவின் தெற்கு வாசலான ட்வீ ரிவியரனிலிருந்து சுமார் 160 கி.மீ., பூங்காவுக்குள் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் ஓட்டக்கூடாது, கெம்ஸ்பாக் மானையும் வைக்கோல் போர் மாதிரி மரத்தில் தொங்கும் குருவிக்கூட்டையும் பார்க்க நிறுத்தி நிறுத்திப் போனால் அரை நாள் ஆகிவிடும். டர்பனிலிருந்து, பூங்காவுக்குப் போகும் வழியிலுள்ள அபிங்டன் நகரமே சுமார் 1,200 கி.மீ. அதை ஒரே நாளில் ஓட்டாதீர்கள், கிம்பர்லியில் படுத்து எழுந்து போங்கள். கிராட்கோல்க், பிட்டர்பான் போன்ற தனிமை முகாம்களில் 12 வயதுக்குக் கீழே பிள்ளைகளை விடுவதில்லை, ஆகவே அங்கே கேட்டு ஏமாற வேண்டாம்.

ஒற்றை வண்டி வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்ல என் அனுபவமே காரணம். மகனை முதல் தடவை கூட்டிப் போனபோது, சின்ன மணல்மேடுதானே என்று டயரில் காற்றை இறக்காமல் ஏறினேன். பாதியில் நின்றது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தோண்டிக்கொண்டே போய், வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. மூன்று மணி நேரம் மண்வெட்டியோடு போராடினேன். பையன் அழவில்லை, பேசவும் இல்லை, தன் தண்ணீர் போத்தலைக் காலி செய்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த நண்பர் கயிறு கட்டி இழுத்ததால் வெளியே வந்தோம். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மகளோடு மணல்பாதைதான் வேண்டும் என்றால் நோசப்பின் வழிகாட்டியோடு போகும் நான்கு நாள் பயணம் இருக்கிறது, இரண்டு வண்டிக்குக் குறைந்தால் அதை நடத்தவே மாட்டார்கள். பிள்ளைகளுக்கான விதியைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

காற்றை நான் இப்போது பூங்கா வாசலிலேயே 1.6 பார் அழுத்தத்துக்கு இறக்கிவிடுவேன். டயர் தரையில் நீளமாகப் படிந்து, மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்ப கம்ப்ரஸர் வேண்டும். சிக்கிவிட்டால் சக்கரத்தைச் சுழலவிடாதீர்கள், மணலை வாரிவிட்டு, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். மேட்டின் நடுவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். காற்று அளக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள், பத்து வயதில் நன்றாகவே செய்வாள்.

அப்புறம் குளிர். டர்பன் பிள்ளைக்கு உறைபனி தெரியாது, கலஹாரியில் ஜூலை இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், விடிகாலையில் கேனில் தண்ணீர் உறைந்து கிடக்கும். காற்று மெத்தை குளிரைத் தடுக்காது, மேலே போர்த்துவதுபோல அடியிலும் ஒரு கம்பளி விரியுங்கள்.

கேள்வி: வீட்டுச் சாப்பாடு தவிர எதையும் தொடாத பையன். ஐந்து நாளைக்கு என்ன கொண்டு போவது?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: பீன்ஸ் கறியை வற்றலாகச் சமைத்து, உறைய வைத்து எடுத்துப் போங்கள் அம்மா, ரொட்டியை நெருப்பிலேயே சுட்டுக்கொள்ளலாம். முதல் நாளுக்கு எலுமிச்சை சாதம் தாங்கும். மீதியை இரவில் வண்டிக்குள் பூட்டுங்கள், நரி முகாமுக்குள்ளேயே சுற்றும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர், அதில் குறைக்காதீர்கள்.

கேள்வி: தேளுக்குப் பயந்து மகன் வர மறுக்கிறான். என்ன செய்ய?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக் கையில் கொடுங்கள். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும், இரவில் தேடிப் பார்க்கப் பிள்ளைகளுக்கே ஆசை வந்துவிடும். கொடுக்கு பருத்து இடுக்கி மெலிந்த தேளிடம்தான் விஷம் அதிகம், அதைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி வெறுங்காலோடு நடக்கக்கூடாது. சப்பாத்தைக் கூடாரத்துக்குள்ளேயே வைத்து, காலையில் தட்டிவிட்டுப் போடட்டும்.